அடைப்புக்குறி இல்லாத பிள்ளை

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில், சிறுமிகளின் நடனத்துக்கும் பரிசளிப்புக்கும் இடையில் கிடைத்த பத்து நிமிடத்தில், என் வாழ்க்கையின் முதலாவது ஸ்டாண்ட்-அப் கொமெடியை, அதாவது மேடையில் தனியாக நின்று பேசியே சிரிக்க வைக்கும் வேலையை, செய்தேன். அறிவிப்பாளருக்கு அந்தச் சொல் பழக்கமில்லாததால், "அடுத்ததாக ஒரு சிரிப்புச் சொற்பொழிவு" என்று என்னை அறிமுகப்படுத்தினார். பிளாஸ்ரிக் கதிரைகளில் நூற்றைம்பது பேரளவில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஏழாவது நிமிடத்தில் மீதியை விழுங்கிவிட்டு நன்றி வணக்கம் சொல்லி இறங்கியபோது கைதட்டல் கிடைத்தது. அடுத்தது பரிசளிப்பு என்பதால் கிடைத்த கைதட்டல் அது. மேடைப் படியடியில் நின்ற ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் என் கையைப் பிடித்து, "நல்ல கருத்துத் தம்பி" என்றார். பகிடி சொன்னவனுக்கு அதைவிடக் கொடிய தீர்ப்பு வேறெதுவும் இல்லை.

அந்த விழாவுக்கு முன்னர் எனக்கு என்னைப் பற்றிப் பெரிய எண்ணம் இருந்தது. எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் இடத்திலுள்ள மதவடியில் பத்து வருடப் பின்னேரங்களைக் கழித்தவன் நான். அந்தக் கூட்டத்தில் பம்பலுக்குப் பெயர் போனவன். "சங்கக்கடை அண்ணை இண்டைக்கும் சில்லறை இல்லையாம்" என்று நான் வாய் திறந்தாலே ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஏனென்றால், அந்த அண்ணை பல வருடங்களாக மீதிக் காசுக்குப் பதிலாக ரொபி கொடுத்து வருவதும், ஒருநாள் எங்களில் ஒருவன் சேர்த்து வைத்திருந்த முப்பத்தெட்டு ரொபிகளைக் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு சவர்க்காரம் கேட்டதும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதாவது பகிடியின் முக்கால் பங்கு கேட்பவர்களுடைய நினைவில் ஏற்கனவே கிடந்தது. நான் அதன்மீது விரலை வைத்ததோடு சரி. சனசமூக நிலையத்து மேடையில் நான் கால் பங்கை மட்டும் சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்து நின்றேன். மிச்ச முக்கால் பங்கு மதவடியிலேயே இருந்தது.

ஸ்டாண்ட்-அப்பில் எழுதுவது என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த முக்கால் பங்கை முன்பின் அறியாத ஒருவருக்கு இருபது வினாடிக்குள் கொடுத்து முடிக்கும் வேலைதான். செற்றப் என்று தொழிலில் சொல்லும் அந்தப் பகுதியை நான் என் கொப்பியில் அத்திவாரம் என்றே எழுதுகிறேன். அத்திவாரத்துக்குள் அளவுக்கு மேல் கல்லைப் போட்டவனுக்குக் கூரை போடக் காசு மிஞ்சாது என்பது எங்களூரில் வீடு கட்டிய எல்லோருக்கும் தெரிந்த விடயம். அதற்கு மேல் வருவது பஞ்ச் லைன், அதாவது கேட்பவர் எதிர்பார்த்திருந்த பக்கத்திலிருந்து கதையைத் திடீரென மறுபக்கம் திருப்பும் சொல். அதே சிரிப்பு அடங்குவதற்குள், புதிய அத்திவாரம் எதுவும் போடாமல், இன்னொன்றை வைப்பதற்கு ராக் என்று பெயர். இவற்றையெல்லாம் இணையத்தில் இரண்டு இரவுக்குள் படித்துவிடலாம், நானும் படித்திருந்தேன். படித்ததால் ஒரு பயனும் கிடைக்கவில்லை.

நண்பன் ஒருவன் என்னுடைய அந்த ஏழு நிமிடத்தையும் கைபேசியில் பதிவு செய்திருந்தான். மூன்று நாள் அதைத் திறக்கவே மனம் வரவில்லை. திறந்து பார்த்தபோது, என்னுடைய அவமானத்தைக் காட்டிலும் சுவாரசியமான ஒன்று அதில் தெரிந்தது. முன்வரிசையில் நீலச் சேலையோடு இருந்த ஒரு அம்மாவின் தோள் இரண்டு இடங்களில் மெல்லக் குலுங்கத் தொடங்குகிறது. அந்த இரண்டு இடங்களிலும் நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். "…என்று அவர் என்னிடம் திரும்பிக் கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற நீண்ட வாலை நான் இழுத்து முடிக்கும்வரை அவர் மரியாதையாகக் காத்திருக்கிறார். வால் முடிகிறபோது அவருடைய தோள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. சிரிப்பு வந்திருக்கிறது; நான்தான் அதன்மீது ஏறி நடந்திருக்கிறேன்.

சிரிக்க வைக்கும் சொல் வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் ஓர் எழுத்தும் வரக்கூடாது என்று ஆங்கிலத்தில் சொல்லித் தருகிறவர்கள் எல்லோரும் அழுத்திச் சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அது இலகு, ஏனெனில் வினை முந்தி வந்துவிட, செயப்படுபொருள் தானாகவே கடைசிக்குப் போய் நிற்கும். தமிழில் வினைமுற்று வந்துதான் வாக்கியம் முடியும். ஒருவர் சொன்னதைச் சொல்லப் புகுந்தால் அவர் சொன்ன வேடிக்கை நடுவில் அகப்பட்டுக்கொள்ள, கடைசியில் "என்று சொன்னார்" வந்து கதவைச் சாத்திவிடும். ஆனால் இது எழுதும் தமிழுக்குரிய சிக்கல் மட்டுமே என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் சென்றது. கிணற்றடியில் நின்று கதைக்கிற எவரும் அப்படிக் கதைப்பதில்லை. "வித்துப்போட்டான், தாலிக்கொடியை." "வந்து நிக்கிறார், மாப்பிள்ளை." வினையை முதலில் போட்டுவிட்டு, ஒரு மூச்சு விட்டு, வெடிக்க வேண்டியதைக் கடைசியில் வைக்கும் வித்தை எங்கள் அம்மம்மாக்களிடம் எப்போதுமே இருந்திருக்கிறது. பேனையைப் பிடித்தவுடன் என் கைதான் கட்டுரைத் தமிழுக்கு ஓடிவிடுகிறது (இந்தக் கட்டுரையிலும் ஓடிவிட்டதை நீங்களே பார்க்கிறீர்கள்). ஆகவே அதன் பிறகு நான் எழுதிவிட்டுப் பேசுவதை நிறுத்தி, பேசிவிட்டு எழுதத் தொடங்கினேன். சைக்கிளில் போகும்போது கைபேசியில் பேசிப் பதிவு செய்துகொள்வேன். வீட்டுக்கு வந்து, வாயிலிருந்து எப்படி விழுந்ததோ அப்படியே கொப்பியில் இறக்குவேன். வீதியில் தனக்குத்தானே கதைத்துச் சிரித்துக்கொண்டு போகிறவனைப் பற்றி அயலில் என்ன பேசுவார்கள் என்பது அயல் உள்ள எவருக்கும் தெரியும்.

இதற்கிடையில், பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி மறந்த ஒரு சூத்திரம் ஞாபகத்துக்கு வந்தது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது முதலில் வைப்பது நகையை, அதாவது சிரிப்பைத்தான். அது பிறக்கும் இடங்களையும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்காகச் சொல்லிவிடுகிறார். பேதைமை அறிவின்மை. மடன் என்பதற்கு உரைகாரர் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை, அதாவது ஒருவர் சொல்லித் தந்ததைப் பிடித்துக்கொண்டு என்ன வந்தாலும் விடாமல் நிற்பது. கொமெடிக் கதாபாத்திரங்களில் பாதிப் பேர் இந்த ஒரு வரிக்குள் அடங்குவார்கள். என்னுடைய முதல் ஏழு நிமிடத்தை இந்த நான்கோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவ்வளவும் எள்ளல். அரசியல்வாதியை எள்ளியிருந்தேன், ரியூசன் வாத்தியாரை எள்ளியிருந்தேன், விடுமுறைக்கு வந்து "என்ன வெயிலப்பா இது" என்று விசிறிக்கொள்ளும் வெளிநாட்டு மாமாவை எள்ளியிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனை வீடுகளின் கூரையை அந்த மாமாமார் போட்டுக் கொடுத்தார்களோ தெரியாது. பேதைமைக்கும் மடனுக்கும் உரிய ஆள் அந்த மேடையில் ஒருவன் இருந்தான். அவனைப் பற்றித்தான் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் தனியொருவர் மேடையில் நின்று சிரிக்க வைப்பது புதிய விடயம் என்று நினைப்பவர்கள் 2014இல் கனடாவில் காலமான கே. எஸ். பாலச்சந்திரனை மறந்துவிட்டார்கள். அவருடைய 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பில், சனம் நிறைந்த பஸ் ஒன்றின் கொண்டக்ரராக அவர் ஒருவரே நிற்பார். பஸ்ஸும் சனமும் நமக்குள் தாமாக நிறைந்துகொள்ளும். ஸ்டாண்ட்-அப்புக்கும் அதற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒன்றுதான். தனிநடிப்பில் சிரிப்புக்கு உரியவர் கொண்டக்ரர்; நடிகர் அவருக்குப் பின்னால் மறைந்துகொள்ளலாம். ஸ்டாண்ட்-அப்பில் மறைந்துகொள்ள ஆள் கிடையாது. வில்லிசையில் என்றால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் தான் முதலில் சிரித்துச் சபைக்கு வழிகாட்டுவார். எனக்கு அப்படியொருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை இன்னும் இருக்கிறது.

ஒரு பகிடியை மட்டும் எடுத்துச் சொல்கிறேன், ஏனெனில் நான் கற்றதில் பாதி அந்த ஒன்றுக்குள் இருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். அண்ணா கனடாவில், அக்கா பிரான்ஸில், நான் அம்மாவுடன். முதலில் கொப்பியில் நான் எழுதியது இது: "எங்கள் அம்மா தினமும் காலையில் பத்திரிகை வந்தவுடன் முதலில் மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்து, அதில் இறந்தவரின் பிள்ளைகளுடைய பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று நாடுகளின் பெயர்கள் போடப்பட்டிருப்பதைக் கண்டு, தன்னுடைய பிள்ளைகளில் எனக்கு மட்டும் அவ்வாறு போடுவதற்கு எதுவும் இல்லையே என்று கவலையடைந்து, தான் இறப்பதற்கு முன்னர் நானும் ஓர் அடைப்புக்குறியைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கூறுவார்." இலக்கணப் பிழை எதுவும் இல்லை. சிரிப்பதற்கும் எதுவும் இல்லை. இப்படியே தட்டெழுதிப் பிரதேச செயலகத்தில் கொடுத்தால் முறைப்பாடாக ஏற்றுக்கொள்வார்கள்.

முதலில் அத்திவாரத்தை வெட்டினேன். மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சென்னையில் சொல்வதென்றால் தேவைப்படும். இங்கே, "எங்கட அம்மா பேப்பரைப் பின்பக்கத்தாலதான் திறப்பா" என்ற ஒரு வரி போதும். சபையில் பாதிப் பேர் தங்கள் அம்மாவைக் கண்டுவிடுவார்கள். அடுத்து, மூன்று பிள்ளைகள் இருப்பது எனக்கு அதிர்ஷ்டம், ஏனெனில் இரண்டு தடவை ஒரே மாதிரிச் சொல்லி ஒரு பழக்கத்தை உண்டாக்கி மூன்றாவதில் உடைப்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை. அண்ணாவின் பெயர், கனடா, அக்காவின் பெயர், பிரான்ஸ், என் பெயர். இதை வாயால் சொல்லிப் பார்த்தபோது அடைப்புக்குறி எங்கே வருகிறது என்று விளங்கவில்லை. ஆகவே இரண்டு உள்ளங்கைகளையும் பிறை போல வளைத்து நாட்டின் பெயரை நடுவில் வைத்துக் காட்டினேன். மூன்றாவது தடவை என் பெயரைச் சொல்லிவிட்டுக் கைகளை அதேபோல உயர்த்தி, நடுவில் எதையும் வைக்காமல் நின்றேன். கண்ணாடிக்கு முன்னால் எனக்கே சிரிப்பு வந்தது. அதன் பிறகுதான் ஒரு கையில் மைக் இருக்கும் என்பது உறைத்தது. ஒற்றைக் கையால் அடைப்புக்குறி போட்டால், யாரோ ஒருவருடைய கன்னத்தில் அறையப் போவதைப் போல் இருக்கிறது. மைக்கை ஏன் சிலர் எடுத்துக்கொண்டு உலாவுகிறார்கள், ஏன் சிலர் இடையில் தாங்கியிலேயே திருப்பி வைக்கிறார்கள் என்பது அன்று விளங்கியது. "பேப்பரைப் பின்பக்கத்தால" என்று சொல்லிக்கொண்டே மைக்கைத் தாங்கியில் சத்தமில்லாமல் பொருத்துவதை மட்டும் ஒரு கிழமை பழகினேன். வீட்டில் மைக்குக்குப் பதிலாக அகப்பை.

மீதி, அம்மாவின் வசனம். "நான் சாகமுதல் நீயும் ஒரு அடைப்புக்குறி எடுக்கவேணும்" என்பதில் எடுக்கவேணும் என்ற வால் நின்றது. அதைத் திருப்பினேன்: "தம்பி, நான் கண்ணை மூடமுதல் எடுத்துப்போடு, ஒரு அடைப்புக்குறி." இப்போது சொல் சரியான இடத்தில் இருந்தும் வேகம் வரவில்லை. அடைப்புக்குறி என்பது நீண்ட சொல். அது சொல்லி முடிவதற்குள் கேட்பவர் முன்னே போய் நின்றுவிடுகிறார். அதோடு, என் அம்மா வாழ்நாளில் அந்தச் சொல்லைப் பாவித்ததே இல்லை. அவர் சொல்வது "பிறக்கற்". தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை; அதனாலோ என்னவோ, பிறக்கற் என்று அந்த ற் வெட்டி விழும்போது காது இடறுகிறது, இடறிய இடத்தில் சிரிப்பு வருகிறது. தனித்தமிழ் அன்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும்; தலைப்பில் உங்களுடைய சொல்லைப் போட்டிருக்கிறேன். ராக் தானாகவே வந்து சேர்ந்தது. "கோண்டாவில் எண்டு போடுங்கோவன் அம்மா" என்று நான் சொல்ல, அவர் சொல்வதாக: "கோண்டாவில் எண்டு போடுறது பஸ்ஸுக்கு."

முதல் வடிவத்திலிருந்து இந்த வடிவத்துக்கு வர ஐந்து கிழமை எடுத்தது. மேடையில் இது ஐம்பது வினாடி.

இரண்டாவது மேடை பலாலி வீதியில், திருநெல்வேலிக்குச் சற்று முன்னால், ஒரு தேநீர்க் கடையின் மேல்மாடி. ஓப்பன் மைக், அதாவது விரும்பியவர் ஏறிப் பேசும் மேடை, என்று சொல்லத்தக்க ஒன்றை நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒழுங்கு செய்திருந்தோம். ஆளுக்கு ஐந்து நிமிடம், நாலாவது நிமிடம் முடிந்ததும் பின்னால் நிற்பவர் கைபேசி வெளிச்சத்தை ஒருதரம் காட்டுவார், அதற்குமேல் பேசுபவருக்கு அடுத்த முறை இடமில்லை. வந்திருந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் எங்கள் ஆறு பேரையும் நாங்களே எண்ணிக்கொண்டோம். 1963இல் நியூயோர்க்கில் பட் ஃபிரீட்மன் தொடங்கிய இம்புரூவ் என்ற கிளப்பில் மேடைக்குப் பின்னால் வெறும் செங்கல் சுவர்தான் இருந்தது. பின்னர் உலகமெங்கும் கொமெடி என்றால் செங்கல் சுவர் என்பது அடையாளமாகிவிட்டது. எங்களுக்குப் பின்னாலும் பூசாத சுவர் இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தில் பூசாத சுவரைக் கண்டால் எவரும் நியூயோர்க்கை நினைப்பதில்லை, வெளிநாட்டுக் காசு இடையில் நின்றுவிட்டது என்றே நினைப்பார்கள். முதலில் ஏறியவள் இதைத்தான் சொல்லித் தொடங்கினாள். அன்றைய மிகப் பெரிய சிரிப்பு அவளுக்குத்தான் கிடைத்தது. எழுதி வைத்ததை விட்டுவிட்டு, அந்த இடத்தில் எல்லோருடைய கண்ணிலும் படுவதை முதலில் சொன்னால் முன்பின் அறியாதவர்கள் அரை நிமிடத்தில் மதவடிக் கூட்டமாகிவிடுகிறார்கள் என்பதை அவளிடம்தான் கற்றேன்.

நான் நாலாவதாக ஏறினேன். முதல் ஒரு நிமிடம் அமைதி. வயிற்றுக்குள் சனசமூக நிலையம். பிறகு பேப்பரைப் பின்பக்கத்தால் திறந்தேன், அகப்பையில் பழகியபடி மைக்கைப் பொருத்தினேன், அண்ணாவுக்கும் அக்காவுக்கும் அடைப்புக்குறி போட்டேன். மூன்றாவது தடவை கைகளை உயர்த்தி வெறுமையாக நின்றபோது, இரண்டாம் வரிசையில் ஒரு பெடியன் "ஐயோ" என்றான், அதற்குப் பிறகு சிரிப்பு எழும்பியது. அந்தச் சிரிப்பு முடியும்வரை பேசாமல் நிற்பதுதான் அன்று நான் செய்ததிலேயே மிகக் கடினமான காரியம். நடுவில் கடவுச்சீட்டுக் கந்தோர் வரிசையைப் பற்றியும் 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று பக்கத்து வீட்டாரோடு முதன்முதலாக அறிமுகமானதைப் பற்றியும் சொல்லிவிட்டு, வெளிச்சம் காட்டப்பட்டதும், என் பெயரைச் சொல்லிக் கும்பிடுவதற்குப் பதிலாகக் கைகளை மறுபடியும் பிறையாக வளைத்துக் காட்டிவிட்டு இறங்கினேன். தொடக்கத்தில் விட்டுப்போன ஒன்றை முடிவில் வந்து எடுத்துக்கொள்ளும் இதற்குக் கோல்பக் என்று பெயர். பதிவைக் கேட்டு எண்ணினேன்: ஐந்து நிமிடத்தில் பதினொரு சிரிப்பு, அதில் மூன்று என் நண்பர்களுடையது. மூன்றையும் கழித்துவிட்டே கொப்பியில் குறித்தேன்.

எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில் எங்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. அம்மம்மாவிடம் ஒரு கதை இருந்தது. தொண்ணூறுகளில் வளவுக்குள் பங்கர் வெட்டியிருந்தபோது, உள்ளே பாம்பு இருக்கிறதென்று சொல்லி அம்மப்பா இறங்க மறுத்தாராம். "பாம்பு கடிச்சா வைத்தியருக்குக் காசு குடுக்கவேணும், ஷெல் எண்டாச் செலவில்லை" என்றாராம். அதை அம்மம்மா சொல்லும்போது வீடே உருண்டு சிரிக்கும். சொல்லும் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். எள்ளல் துளியும் இல்லாத பகிடி, சொல் விழ வேண்டிய இடத்தில் விழுந்த பகிடி. நான் அதை மேடைக்குக் கொண்டுபோகவில்லை. அந்தப் பங்கருக்குள் இறங்கியவர்கள் சொல்லும்போது அது சிரிப்பு. நான் சொன்னால் சபை முதலில் என்னுடைய வயதைக் கணக்குப் பார்க்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவன் இதை ஏற்பதில்லை, இரண்டு தலைமுறை கடந்தால் எல்லோருக்கும் சொந்தம் என்கிறான். அவன் தன்னுடைய வீட்டுக் கதையொன்றைச் சொல்லிப் பார்த்த இரவில் ஒரு முதியவர் எழுந்து வெளியே போனார். கோபத்திலா, வேறெதற்காகவா என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

அம்மாவுக்கு நான் அந்த ஐந்து நிமிடத்தைக் காட்டவில்லை. அக்காதான் பிரான்ஸிலிருந்து அனுப்பி வைத்திருக்கிறாள். ஒருநாள் நான் வேலையால் வந்தபோது அம்மா குசினியில் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைபேசியைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தார். என்னுடைய குரல் கேட்டது. முழுவதும் முடியும்வரை அவர் சிரிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. முடிந்ததும் பாதித் தேங்காயைக் கீழே வைத்தார்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"பகிடிக்காகக் கொஞ்சம் மாத்தினனான் அம்மா."

"பிறக்கற் எடு எண்டு எப்பவடா சொன்னனான்? உனக்குப் பிறக்கற் இல்லாதது நல்லது எண்டுதானே சொன்னனான். பிறக்கற்றுக்குள்ள இருக்கிறவை வந்து சேர மூண்டு நாள் செல்லும். அதுக்குள்ள பேப்பருக்கு அறிவித்தல் குடுக்க ஆர் போறது? நீ."

அகப்பை தாங்கியில் பொருந்துவது போல அந்த "நீ" போய்ப் பொருந்தியது. நான் கொப்பியை எடுக்க அறைக்கு ஓடினேன். பின்னால் தேங்காய் திருவும் சத்தம் மறுபடியும் தொடங்கியது. அதற்கு மேலால் அம்மாவின் குரல் வந்தது.

"குடுக்கேக்க ஒருக்கா வாசிச்சுப் பார். எழுத்துப்பிழை விட்டுடாதை, என்ர பெயரில."